பட்டு அங்கிக்கு ஆசைப்படலாம்

பூநகரியிலிருந்து சட்டம் படிக்கப் போன பிள்ளைகளில் சிலர் சத்தியப்பிரமாணம் செய்து கறுப்புக் கோட்டுப் போட்டுவிட்டார்கள். சிலர் இன்னும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கொழும்புச் சட்டக் கல்லூரியிலும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். என்னைப் பார்க்க வரும்போது கூச்சத்தோடு ஒன்றைக் கேட்பார்கள்: "ஐயா, ஜனாதிபதி சட்டத்தரணி ஆவதென்றால் என்ன செய்யவேணும்?" கூச்சப்படாதேயுங்கோ பிள்ளைகள். வாடியடிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்று படித்த பிள்ளைக்கும் அந்த ஆசை வரலாம், வரவும் வேண்டும். எனக்குத் தெரிந்ததை எழுதித் தருகிறேன்.

1. முதலில் அது என்னவென்று சரியாக அறிந்துகொள்ளுங்கள். அது சோதனை எழுதிப் பெறுவதல்ல. இத்தனை வருடம் தொழில் செய்தால் தானாக வருவதும் அல்ல. 1984ஆம் ஆண்டு அரசியலமைப்பின் எட்டாவது திருத்தம்தான் ஜனாதிபதிக்கு அந்த நியமன அதிகாரத்தைக் கொடுத்தது. அதற்கு முன்பு இருந்தது கியூ.சி., கே.சி. என்ற முடிக்குரிய பட்டம். 1903இல் அதைப் பெற்ற முதல் ஆட்களில் சேர். பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். 1972இல் நாடு குடியரசானபின் புதிதாகக் கியூ.சி. கொடுப்பது நின்றது. அந்தக் கியூ.சி.மார் அனுபவித்த உரிமைகள் எல்லாம் ஜனாதிபதி சட்டத்தரணிக்கும் உண்டு என்று திருத்தம் சொல்கிறது. பட்டு அங்கி, மன்றில் முன்னிருக்கை, முன்னுரிமை எல்லாம் அப்படி வந்தவை.

2. அந்தத் திருத்தம் இரண்டு தகுதி கேட்கிறது. ஒன்று, தொழிலில் மேன்மை அடைந்திருக்கவேண்டும். மற்றது, நடத்தையிலும் தொழில் நேர்மையிலும் உயர்ந்த தரத்தைக் காத்து வந்திருக்கவேண்டும். மேன்மைக்கு இருபது, முப்பது வருடம் பிடிக்கலாம். நேர்மைக்கு அந்தத் தவணை கிடையாது, அது உங்கள் முதல் கட்சிக்காரரோடு தொடங்குகிறது. வாங்கிய காசுக்குத் துண்டு கொடுங்கள். தவணைக்கு வரமுடியாவிட்டால் முதல் நாளே சொல்லுங்கள். கிராஞ்சியிலிருந்து ஒரு மீனவர் தொழிலுக்குப் போகாமல் கிளிநொச்சிக்கு வந்து வெறுங்கையோடு திரும்பினால், போனது அவருடைய வீட்டின் அன்றைய சாப்பாடு. கட்சிக்காரர் தந்த காணி உறுதியை உங்கள் கட்டணத்துக்கு ஈடாக ஒருநாளும் பிடித்து வைக்காதீர்கள். வெல்லாத வழக்கை வெல்லும் என்று சொல்லாதீர்கள். உங்களைப் பற்றி முன்பின் தெரியாதவர்கள் ஒருநாள் விசாரிக்கும்போது நீதிமன்ற முதலியாரும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணியும் சொல்லப்போவது இவற்றைத்தான்.

3. சட்டத்தின் ஒரு மூலையையாவது அடியோடு படியுங்கள். எங்கள் மண்ணில் அந்த மூலை காணிதான். கொழும்பில் இருக்கிற பெரிய சட்டத்தரணிக்கு இல்லாத வாய்ப்பு உங்களுக்கு இங்கே இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த சட்டம், 1806இல் ஆங்கிலேயர் அதை ஏற்றுக்கொண்டார்கள். இன்றைக்கும் அதன்படி திருமணமான பெண் தன் சீதனக் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். போரில் கணவன் காணாமல் போன பெண் என்ன செய்வாள்? மாவட்ட நீதிமன்றத்தில் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாகக் கட்டளை பெறவேண்டும். அதற்கு வழி 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. முழங்காவிலிலும் ஜெயபுரத்திலும் இந்த வழி தெரியாமல் காணியைச் சும்மா வைத்துக்கொண்டிருக்கும் தாய்மார் உண்டு.

அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி வேறு கதை. அங்கே 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம்தான் பேசும். பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காமல் ஒருவர் இறந்துபோனால் ஆண்பிள்ளைக்கே முதலிடம் என்ற ஒழுங்கு 2022ஆம் ஆண்டின் திருத்தம் வரை இருந்தது. அந்தத் திருத்தத்துக்கு முன் நடந்த இறப்பா, பின் நடந்ததா என்று பார்க்காமல் ஒரு பெண்பிள்ளைக்கு அறிவுரை சொல்லாதீர்கள்.

பிறகு ஆட்சியுரிமை. பத்து வருடம் தடையின்றி எதிருரிமையாக ஆண்டால் காணி ஆண்டவருக்கு என்பது 1871ஆம் ஆண்டின் சட்டம். இடம்பெயர்ந்த சனம் எப்படித் தடுத்திருக்கமுடியும்? அதற்காக 2016இல் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுவின் செயற்பாட்டால் தன் உரிமையைக் கோரமுடியாமல் போனவருக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றது. ஆனால் வழக்குப் போட இரண்டு வருடம்தான் கொடுத்தது. எத்தனை பேருக்கு அது காதில் விழுந்தது? உரிய நேரத்தில் ஊர் ஊராகப் போய்ச் சொல்லச் சட்டத்தரணி இருந்திருந்தால் சில வளவுகள் இன்று உரியவரிடம் இருந்திருக்கும். இது என் மனதில் ஆறாத விஷயம்.

4. மூன்று மொழியிலும் எழுதப் பழகுங்கள். கிளிநொச்சியில் தமிழில் வாதாடலாம். மேன்முறையீடு கொழும்புக்குப் போனால் ஆங்கிலம் இல்லாமல் முடியாது. சிங்களம் தெரிந்தால் பொலிஸ் அறிக்கை ஒன்றை அடுத்தவர் வாயால் கேட்கவேண்டி வராது.

5. உங்களுக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் 1976க்குப் போங்கள். குடியரசு தினத்தைப் பகிஷ்கரிக்கும் துண்டுப்பிரசுரம் விநியோகித்தார்கள் என்று அமிர்தலிங்கமும் மற்றத் தமிழ்த் தலைவர்களும் கொழும்பில் ட்ரயல்-அட்-பார் என்ற நீதிபதிகள் குழாம் முன் நிறுத்தப்பட்டார்கள். அவர்களுக்காக ஏறத்தாழ 70 தமிழ்ச் சட்டத்தரணிகள் எழுந்து நின்றார்கள். முன்னால் நின்றவர்கள் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் கியூ.சி.யும் ஜி.ஜி. பொன்னம்பலம் கியூ.சி.யும். ஒருவர் சிவில் வழக்கில் பெயர் எடுத்தவர், மற்றவர் குற்றவியல் வழக்கில். 1949இல் அரசியலில் பிரிந்து நெடுங்காலம் எதிரெதிராக நின்றவர்கள். செல்வநாயகத்துக்கு அப்போது நோயால் குரலும் தளர்ந்திருந்தது. இருவரும் அடுத்த வருடமே காலமானார்கள். முதுமையில் அந்தப் பட்டு அங்கியை எதற்காகப் போட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். கனிஷ்டர்கள் பின்வரிசையில் இருந்து வாதம் கட்டப் படித்ததும் அங்கேதான்.

6. பட்டத்துக்காக அரசியல்வாதியின் வாசலில் நிற்காதீர்கள். எங்கள் நாட்டில் கையெழுத்து ஜனாதிபதியுடையது. அதனால் ஒரே தடவையில் பெருந்தொகையானோருக்குக் கொடுத்தபோதெல்லாம் சட்டத்தரணிகள் மத்தியிலேயே கேள்வி எழுந்திருக்கிறது. மற்ற நாடுகளும் இதோடு மல்லுக்கட்டித்தான் வந்திருக்கின்றன. இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டப்படி உயர் நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமுமே மூத்த வழக்கறிஞர் தகுதியைக் கொடுக்கின்றன. 2017இல் புள்ளி போட்டுத் தெரிவுசெய்யும் முறை வந்தது, 2025இல் உச்ச நீதிமன்றமே அதைக் கைவிட்டது. இங்கிலாந்தில் சுயாதீனக் குழு ஒன்று விண்ணப்பங்களை ஆராய்ந்து பரிந்துரைக்கிறது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 1985இல் இந்தப் பட்டத்தையே நிறுத்தி 2023இல் திரும்பக் கொண்டுவந்தது. என் எண்ணத்தில் நீதிபதிகளும் சட்டத்தரணிகளும் இருக்கிற சுயாதீனக் குழுவே தெரிவுசெய்யவேண்டும், காரணத்தையும் எழுதிவைக்கவேண்டும். நீங்கள் சட்டத்தரணிகள் சங்கத்தில் குரல் கொடுக்கிற நிலைக்கு வரும்போது இதைக் கேளுங்கள்.

7. பட்டம் வராவிட்டால் தொழில் வீண் என்று நினைக்கவேண்டாம். 2009 மேயில் படையினரிடம் சரணடைந்தவர்களைத் தேடி 2013 முதல் வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்கள் போடப்பட்டன. முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தில் விசாரணை இழுபட்டது. 2022 டிசம்பரில்தான் வவுனியாவில் கட்டளை வந்தது, இராணுவம் பதில் சொல்லவேண்டும் என்று. அத்தனை வருடமும் தவணைக்குத் தவணை அந்தத் தாய்மாரோடு நின்ற சட்டத்தரணிகளை நான் எந்த முன்னிருக்கைக்கும் குறைவாக வைத்துப் பார்க்கமாட்டேன்.

8. ஒருநாள் உங்களில் ஒருவருக்கு அந்தப் பட்டம் வரும். வந்ததும் கட்டணம் ஏறும், அலுவலகம் கொழும்புக்குப் போகும், இது வழமை. போங்கள், தடுக்கமாட்டேன். ஏ-32 வீதியால் வந்துபோவது பெரிய வேலையில்லை. மாதத்தில் ஒரு தவணையையாவது கிளிநொச்சி மாவட்ட நீதிமன்றத்துக்கு ஒதுக்குங்கள். கட்டணம் கொடுக்க வழியில்லாத ஒரு பூநகரித் தாயின் காணி வழக்கில், இந்த ஊர்க் கனிஷ்டர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டு அங்கியோடு எழும்பி நில்லுங்கள். உங்களிடம் நான் கேட்பது அதுதான்.