நூல் பட்டியலை எக்ஸ்எம்எல் கோப்பாக்குவது எப்படி?

தரவுத்தளத்திலிருந்து எடுத்ததை எக்ஸ்எம்எல்லாக எழுத முதன்முதலில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒட்டுவேலைதான் செய்வார்கள். கூர் அடைப்புக்குறிகளை மேற்கோளுக்குள் போட்டு, நடுவே தரவைச் செருகி, வரிவரியாகக் கோப்பில் கொட்டுவது. சோதனைக்கு எடுத்த பத்துப் புத்தகங்களுக்கு அருமையாக ஓடும். பிறகு எங்கோ ஒரு பதிப்பகத்தின் பெயரில் & வரும்; மொத்தக் கோப்பையும் எந்த மென்பொருளும் திறக்காது. ஆகவே எழுதும் பொறுப்பைப் பைத்தானின் எலிமென்ட்ட்ரீயிடம் விட்டுவிடுங்கள். &, < போன்றவற்றை அதுவே மாற்றி எழுதும். எஸ்கியூலைட் தரவுத்தளத்தைப் படிக்கும் தொகுதியும் பைத்தானோடு வருவதால் தனியாக எதுவும் நிறுவ வேண்டாம்.

(போஸ்ட்கிரெஸ், எஸ்கியூஎல் சர்வர் இரண்டிலும் வினவலிலேயே எக்ஸ்எம்எல் வாங்க வழி உண்டு. வடிவம் நம் விருப்பப்படி வேண்டுமென்றால் நிரலே நல்லது.)

முதலில் வினவல். செலக்டுக்குப் பின் நட்சத்திரம் போடாமல், வேண்டிய பத்திகளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கர்சரின் டிஸ்கிரிப்ஷனில் வரும் பத்திப் பெயர்கள்தான் குறிச்சொற்களாகப் போகின்றன. பெயரில் இடைவெளி கூடாது, எண்ணில் தொடங்கக் கூடாது. எண்ணிக்கை கேட்டுவிட்டு ஏஸ் போட்டு மாற்றுப்பெயர் தராவிட்டால், அடைப்புக்குறியும் நட்சத்திரமுமாக ஒரு குறிச்சொல் உருவாகும். எலிமென்ட்ட்ரீ அதைத் தடுக்காது, எழுதிவிடும். படிக்கிறவர்தான் திண்டாடுவார். ஆர்டர் பையும் சேருங்கள். நேற்றைய கோப்பையும் இன்றையதையும் ஒப்பிட உதவும்.

அடுத்து, ‘நூல்கள்’ என்று ஒரு வேர் உறுப்பு. கர்சரைச் சுற்றில் ஓட்டி, வரிசைக்கு ஒரு ‘நூல்’, அதற்குள் பத்திக்கு ஓர் உறுப்பு. விலை, ஆண்டு போன்ற எண்களைச் சரமாக மாற்றித்தான் தர வேண்டும். இல்லையென்றால் எழுதும் நேரத்தில் பிழை காட்டி நின்றுவிடும். அதற்காக எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு சரமாக்கினால், நல் (NULL) மதிப்பெல்லாம் ‘நன்’ (None) என்ற சொல்லாகப் பதிவாகி, அப்படியோர் ஆசிரியர் இருப்பதுபோல் ஆகிவிடும். நல் என்றால் உறுப்பையே விட்டுவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள்தான் பெரிய தொல்லை. 32-க்குக் கீழுள்ள குறியெண்களில் 9, 10, 13 ஆகிய மூன்றுக்கு மட்டுமே எக்ஸ்எம்எல் 1.0-இல் இடமுண்டு. வேர்டிலிருந்து வெட்டி ஒட்டிய குறிப்புகளில் 11 ஒளிந்திருக்கலாம். இதையும் எலிமென்ட்ட்ரீ கண்டுகொள்வதில்லை. எழுதுமுன் நீங்களே வடிகட்டுங்கள்.

கோப்பில் எழுதும்போது என்கோடிங் யூடிஎஃப்-8 என்று சொல்ல மறக்காதீர்கள். நான் மறந்திருக்கிறேன். பட்டியலைத் திறந்து பார்த்த நூலகர், “தமிழ் எல்லாம் எங்கே போச்சு சார்?” என்று கேட்டார். ‘அ’ இருக்க வேண்டிய இடத்தில் &#2949; என்று நின்றது. சொல்லாவிட்டால் எலிமென்ட்ட்ரீ ஆஸ்கியில்தான் எழுதும். தரவில் மட்டும் வந்தால் இலக்கணப்படி அது பிழையில்லை, கணினி சரியாகவே படிக்கும் (தமிழ்க் குறிச்சொல்லில் வந்தால் கோப்பே பிழையாகிவிடும்). ஆனால் மனிதர் படிக்க முடியாது, 3 பைட் எழுத்து 7 பைட் ஆகிறது. யூடிஎஃப்-8 சொன்னாலும் முதல் வரி அறிவிப்பு தானாக வராது. எக்ஸ்எம்எல் டிக்ளரேஷனை ட்ரூ என்று தனியே கொடுங்கள். உள்தள்ளி அழகுபடுத்தும் இன்டென்ட் வசதி பைத்தான் 3.9 முதல் உண்டு.

லட்சக்கணக்கில் வரிசைகள் இருந்தால் முழு மரத்தையும் நினைவகத்தில் கட்டாதீர்கள். சாக்ஸ் தொகுதியின் எக்ஸ்எம்எல்ஜெனரேட்டர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போகும். அதற்கும் என்கோடிங் சொல்லியாக வேண்டும்.

முடிந்ததும் கோப்பை அதே எலிமென்ட்ட்ரீயால் திரும்பப் படித்து, ‘நூல்’ உறுப்புகளை எண்ணி, வினவல் தந்த வரிசைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தினால் கோப்பை அனுப்பலாம்.