மாறுதிசைச் சுற்றில் தெவெனின் தேற்றம்

ஞாயிறுதோறும் என் வீட்டுக் கூடத்தில் நான்கைந்து பிள்ளைகள் பாடம் கேட்க வருகிறார்கள். அவர்களில் ஒருவன் டிப்ளமோ மாணவன். மின்சுற்றுத் தாளில் இரண்டு முறை தவறிவிட்டான். "இந்தத் தடவையும் போனால் கடையில் வந்து உட்காரட்டும் சார்" என்று அவன் தகப்பனார் என்னிடமே சொல்லிவிட்டார். மாட்டுங்காவில் சிறிய பாத்திரக்கடை வைத்திருப்பவர். அவர் கஷ்டம் அவருக்கு.

பையனின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். நேர்மின்னோட்டக் கணக்குகள் ஒன்றுகூடத் தப்பில்லை. மாறுதிசைக்கு வந்ததும் அத்தனையும் தப்பு. தேற்றம் தெரியாமல் இல்லை. எண்களைச் சாதாரணமாகக் கூட்டியிருக்கிறான், அவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம் என்பதால் அன்று சொன்னதை எழுதுகிறேன்.

10 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மூலம் ஒன்று. அதனுடன் 6 ஓம் மின்தடையும், 8 ஓம் மின்மறுப்புள்ள கம்பிச்சுருளும் தொடராக உள்ளன. (சுருளின் சொந்தத் தடையை விட்டுவிடுவோம்.) ஓடும் மின்னோட்டம் 1 ஆம்பியர். தடையின் குறுக்கே 6 வோல்ட், சுருளின் குறுக்கே 8 வோல்ட். கூட்டினால் 14! "கிர்ச்சாஃப் விதி பொய்யா மாமா?" என்றான். விதி பொய்யில்லை. சுருளின் மின்னழுத்தம் மின்னோட்டத்தைவிடக் கால் சுற்று, அதாவது 90 பாகை, முந்தி நிற்கிறது. கிழக்கே 6 அடி, வடக்கே 8 அடி நடந்தவன் புறப்பட்ட இடத்திலிருந்து 10 அடி தூரத்தில்தானே இருப்பான்?

இந்தத் திசையைக் கணக்கில் காட்டத்தான் கலப்பெண். ஸ்டைன்மெட்ஸ் 1893இல் இம்முறையை மின்பொறியாளர்களுக்கு எடுத்துக்காட்டினார். சுருளை ஜே8 என்றும், மின்தேக்கியானால் கழித்தல் ஜே என்றும் எழுதவேண்டும். அதன்பிறகு 1883இல் தெவெனின் சொன்ன தேற்றம் அப்படியே பொருந்தும்.

சுருளின் இரு முனைகளில் ஒரு சுமையை இணைக்கப் போகிறோம். சுமை இல்லாதபோது அங்கே 6.4 + ஜே4.8, அதாவது அளவில் 8 வோல்ட். இது தெவெனின் மின்னழுத்தம். மூலத்தைக் குறுக்கிணைத்துவிட்டு முனைகளிலிருந்து பார்த்தால் 6 ஓமும் ஜே8 ஓமும் பக்க இணைப்பில் தெரியும். பையன் 48ஐ 14ஆல் வகுத்து 3.43 என்று எழுதியிருந்தான். மதிப்பெண் போன இடம் இதுதான். ஜே48ஐ 6 + ஜே8ஆல் வகுக்கவேண்டும். மேலும் கீழும் 6 − ஜே8ஆல் பெருக்கினால் 3.84 + ஜே2.88 ஓம் வரும்.

இப்போது 8 ஓம் மறுப்புள்ள மின்தேக்கியைச் சுமையாக வைப்போம். மொத்தம் 3.84 − ஜே5.12, அளவு 6.4 ஓம். மின்னோட்டம் 8 ÷ 6.4 = 1.25 ஆம்பியர். மின்தேக்கியின் குறுக்கே 1.25 × 8 = 10 வோல்ட்.

பையன் இரண்டு தரம் போட்டுப் பார்த்தான். சுமை ஏற்றினால் மின்னழுத்தம் இறங்கத்தானே வேண்டும், 8 எப்படி 10 ஆயிற்று? சுருளிலும் 1.25 ஆம்பியர், மின்தேக்கியிலும் 1.25 ஆம்பியர், இரண்டும் எதிரெதிர்த் திசை. அவை தங்களுக்குள்ளேயே சுற்றிக்கொள்கின்றன. மூலத்திலிருந்து எதுவும் வருவதில்லை. 6 ஓம் தடையில் மின்னோட்டமே இல்லாததால் அங்கே இழப்பும் இல்லை. முழுப் பத்து வோல்ட்டும் முனைக்கு வந்துவிடுகிறது. அவன் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

ஓர் எச்சரிக்கை. மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே விகிதத்தில் ஏறி இறங்கும் உறுப்புகளுக்கே இந்தத் தேற்றம் செல்லும். டியூப்லைட்டின் குழாய்க்குச் செல்லாது. அதிர்வெண்கள் இரண்டு இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும், மறுப்பே மாறிவிடுமல்லவா?

மின்தேக்கிக்குப் பதில் 8 ஓம் தடையை வைத்தால் முனையில் எத்தனை வோல்ட்? பிள்ளைகளைப் போடச் சொல்லுங்கள். சுமார் 5.25 வரவேண்டும். எங்கள் பையனுக்கு முதல் தடவையிலேயே வந்துவிட்டது. தேர்வு அடுத்த மாதம்.