புதிய சபைக்குச் சொந்த ஆலயம்: காணி யார் பெயரில்?

கேள்வி: நிலாவெளி வீதியோரத்தில் ஒரு வாடகை வீட்டில் எங்கள் சபை பல வருடங்களாக ஆராதனை நடத்தி வருகிறது. வீட்டுக்காரர் இப்போது வீட்டைத் திரும்பக் கேட்கிறார். இரண்டு காணிகள் பார்த்திருக்கிறோம். ஒன்று கடற்கரைப் பக்கம், உறுதிக் காணி. மற்றது தம்பலகாமம் பக்கம், சபை விசுவாசி ஒருவரின் பெர்மிட் காணி. அவர் இலவசமாகவே தருகிறேன் என்கிறார். கனடாவில் இருக்கும் உறவுகள் பணம் அனுப்பத் தயார். ஆலயம் கட்டுவதென்றால் அமைச்சின் கடிதம் வேண்டும் என்று அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னார்கள். ஆகவே போதகரின் பெயரில் காணியை வாங்கி, வீட்டு பிளானுக்கு அனுமதி எடுத்து, பிறகு ஆலயமாக மாற்றலாம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். பிற்காலத்தில் பிரச்சினை வராமல் இருக்க என்ன செய்யவேண்டும்?
– சபை நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர், திருகோணமலை

பதில்: அமைச்சின் கடிதத்தைப் பற்றிய பயம்தான் உங்கள் கேள்வியில் முன்னுக்கு நிற்கிறது. என்னைக் கேட்டால் அது மூன்றாவதாக வரவேண்டிய விடயம். காணியை யார் வைத்திருக்கப் போகிறார் என்பது முதலாவது. அது எந்த வகைக் காணி என்பது இரண்டாவது. கட்டட அனுமதி அதன் பிறகுதான். அரசியலமைப்பின் 10ஆவது உறுப்புரை தரும் மதச் சுதந்திரத்தை எந்தச் சட்டத்தாலும் மட்டுப்படுத்த முடியாது. தனியாகவோ கூட்டாகவோ, பகிரங்கமாகவோ அந்தரங்கமாகவோ வழிபடும் உரிமையை 14(1)(உ) தருகிறது. 9ஆவது உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கும் அதே வசனத்திலேயே இவ்விரு உரிமைகளையும் எல்லா மதங்களுக்கும் உறுதிப்படுத்துகிறது. ஆனால் இந்த உரிமைகள் காப்பது வழிபாட்டை. செல்லாத உறுதி ஒன்றை அவை செல்லுபடியாக்கித் தரமாட்டா. காணியிலும் அனுமதியிலும் ஓட்டை இருந்தால், உங்களை விரும்பாதவர்கள் மதத்தைப் பற்றி வாயே திறக்காமல், வெறும் காணிச் சட்டத்தை வைத்தே உங்களை வெளியேற்றிவிடலாம். அந்த வாய்ப்பை யாருக்கும் கொடுக்காமல் இருப்பதுதான் என் ஆலோசனையின் சாரம்.

முதலில் பெயர் விடயம். கூட்டிணைக்கப்படாத சபையைச் சட்டம் தனி ஆளாகக் கொள்வதில்லை. அதனால்தான் பலர் போதகரின் பெயரில் உறுதி முடிக்கிறார்கள். அப்படி முடித்தால் ஏட்டளவில் அது அவருடைய சொந்தச் சொத்து. பொதுச் சட்டம் பொருந்தும் ஒருவர் மரணசாசனம் எழுதாமல் இறந்தால், 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி பாதி மனைவிக்கும் மீதி பிள்ளைகளுக்கும் போகும். அவர் கடன்பட்டால் கடன்காரரும் அந்தக் காணியில் கைவைக்கலாம். அது சபைக்காக வாங்கிய காணிதான் என்று மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்க வழியே இல்லை என்று சொல்லமாட்டேன். சூழ்நிலைகளைப் பார்த்து நம்பிக்கைப் பொறுப்பு இருப்பதாக நீதிமன்றம் ஊகிக்க, நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அதற்கு வழக்காட வேண்டும், பழைய பற்றுச்சீட்டுகளைத் தேட வேண்டும், இறந்தவரின் குடும்பத்தோடு சபை மோத வேண்டும். போதகரின் உழைப்பால் வளர்ந்த சபையில் அவர் பெயரைத் தவிர்ப்பது நன்றிகேடு அல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். அவரை ஒதுக்கச் சொல்லவில்லை. நம்பிக்கைப் பொறுப்பாளர்களில் அவரும் ஒருவராக இருக்கட்டும்; தனி உரிமையாளராக வேண்டாம். அவருடைய பிள்ளைகளை ஒரு வழக்கிலிருந்து காப்பதும் இந்த ஏற்பாடுதான்.

இதற்கு ஏற்றது 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டம். மதத்தை வளர்ப்பதும் மதச் சடங்குகளைப் பேணுவதும் அதன் 99ஆம் பிரிவில் அறக்கொடை நோக்கங்களாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. அசையாச் சொத்தில் நம்பிக்கைப் பொறுப்பை உருவாக்கும் ஆவணம், மரணசாசனமாக இல்லாவிட்டால், நொத்தாரிசு முன்னிலையில் நிறைவேற்றப்பட வேண்டும் என்கிறது 5ஆம் பிரிவு. பொறுப்பாளர் ஐந்து முதல் ஏழு பேர், ஒருவர் இறந்தாலோ விலகினாலோ அடுத்தவரை நியமிக்கும் முறை, காணியை விற்கவோ ஈடு வைக்கவோ சபைக் கூட்டத்தின் எழுத்துமூலச் சம்மதம், சபை கலைந்தால் சொத்து எங்கே போகும் என்ற ஏற்பாடு ஆகிய நான்கும் உறுதியில் இருக்கட்டும். பொறுப்பாளர்களே சண்டை பிடித்தால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. வழிபாட்டிடம் ஒன்றில் அக்கறையுள்ள ஐந்து பேர் சேர்ந்து, கணக்குக் கேட்டும் பொறுப்பாளரை நீக்கக் கோரியும் மாவட்ட நீதிமன்றம் செல்ல 102ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. போதகரின் தனிப்பெயரில் இருக்கும் காணிக்கு இப்படி நேரான பரிகாரம் கிடையாது.

பழைய திருச்சபைகள் போல நாமும் பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைந்தால் என்ன என்று உங்கள் குழுவில் யாராவது கேட்கலாம். அந்தப் பாதையின் வரலாறு நல்லதாக இல்லை. 2001இல் கிறிஸ்தவ சகனயே தொரட்டுவ ஜெப நிலையம், 2003இல் நியூ வைன் ஹார்வெஸ்ட் ஊழியம், அதே ஆண்டில் மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் என மூன்று அமைப்புகளின் கூட்டிணைப்புச் சட்டமூலங்கள் உயர் நீதிமன்றத்தில் சவாலுக்கு உள்ளாகி, அரசியலமைப்புக்கு முரணானவை என்று தீர்மானிக்கப்பட்டன. மதப் பணியோடு பொருளாதார, சமூக உதவிகளையும் ஒரே அமைப்பின் நோக்கங்களாகச் சேர்த்தது ஆசைகாட்டி மதம் மாற்ற வழி செய்யும் என்பது நீதிமன்றத்தின் முக்கியக் கவலை. கன்னியர்கள் ஐ.நா. மனித உரிமைகள் குழுவிடம் போனார்கள். 2005 ஒக்டோபரில் அந்தக் குழு, இலங்கை மதச் சுதந்திரத்தையும் சமத்துவத்தையும் மீறியதாகக் கருத்து வெளியிட்டது. ஆனால் 2006இல் சிங்கராசா வழக்கில், அந்தக் குழுவிடம் முறையிட வழிசெய்த நெறிமுறையில் இலங்கை சேர்ந்ததற்கு உள்நாட்டில் சட்ட வலு இல்லை என்று உயர் நீதிமன்றம் கூறிவிட்டதால், அந்த வெற்றி இங்கே கைக்கு எட்டவில்லை. இதிலிருந்து எடுக்கவேண்டிய பாடங்கள் இரண்டு. நொத்தாரிசு உறுதிக்குப் பாராளுமன்றம் தேவையில்லை. ஆகவே அதைத் தேர்ந்தெடுங்கள். நோக்கப் பந்தியில் வழிபாட்டையும் அதற்கு வேண்டிய கட்டடத்தையும் மட்டும் எழுதுங்கள். கடனுதவி, தையல் பயிற்சி போன்ற பணிகள் இருந்தால் அவற்றுக்கு வேறு அமைப்பு, வேறு வங்கிக் கணக்கு இருக்கட்டும். கனடாப் பணம் வங்கி மூலம், எழுத்துமூல நன்கொடையாக, சபைக்கென்று பொறுப்பாளர்கள் திறக்கும் கணக்குக்கு வரட்டும். பணம் தந்தவரின் பெயரில் காணி எழுதுவதைத் தவிருங்கள். அவர் இரட்டைக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பிரசை என்றால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி (பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள்) சட்டம் குறுக்கே நிற்கும்.

இனி காணிகள். இலவசமாக வரும் பெர்மிட் காணிதான் இரண்டிலும் ஆபத்தானது. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவருக்கு அந்தக் காணியைத் தன் விருப்பப்படி கைமாற்ற உரிமை இல்லை. அதிகாரியின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாத கைமாற்றம் செல்லாது. குடியிருக்கவும் பயிரிடவும் கொடுத்த காணியில் ஆலயம் எழுப்பினால் அனுமதிப்பத்திர நிபந்தனையே மீறப்படும். கொடுத்த விசுவாசியே தன் காணியை இழக்கலாம். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறுதல்) சட்டப்படி வெளியேறும் அறிவித்தல் வந்து நீதவான் நீதிமன்றத்தில் நிற்கும்போது, செல்லுபடியான அனுமதி உண்டா என்ற ஒரே கேள்விதான் கேட்கப்படும். எத்தனை வருடம் ஜெபித்தீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள் என்பது எடுபடாது. அந்த இடம்தான் வேண்டும் என்றால் நேர்வழி உண்டு. மதத் தேவைக்கு விசேட அளிப்போ குத்தகையோ வழங்க அரச காணிகள் கட்டளைச் சட்டம் இடமளிக்கிறது. பிரதேச செயலாளர் ஊடாக விண்ணப்பியுங்கள். காலம் எடுக்கும், ஆனால் கிடைப்பது நிலைக்கும்.

கடற்கரைப் பக்கக் காணி உறுதிக் காணி என்பது நல்ல தொடக்கம். அதோடு எல்லாம் முடிந்துவிடாது. காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருடப் பதிவுகளைத் தேடச் சொல்லுங்கள். உரிமையின் வேர் வெளிப்படுத்தல் உறுதி ஒன்றோடு நின்றால், அதாவது விற்பவர் பத்து வருட ஆட்சியை மட்டும் காட்டினால், இன்னும் கவனம் வேண்டும். போரில் ஊர்கள் முழுதாக இடம்பெயர்ந்த மாவட்டம் இது. அப்படிப் போனவர்களின் காணிகளை ஆட்சியுரிமையால் மற்றவர் பறிக்காமல் தடுப்பதற்கென்றே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அசல் சொந்தக்காரர் ஒருநாள் திரும்பி வந்து கேட்பாரா என்பதை அயலில் விசாரித்து அறிவது சட்டத் தேவை மட்டுமல்ல, சபையின் மனச்சாட்சிக்கும் தேவை. அளவைப் படத்தை வைத்து, காணி துறைமுக அதிகார சபையின் எல்லைக்குள்ளோ தொல்பொருள் ஒதுக்குக்குள்ளோ விழுகிறதா என்றும் பாருங்கள். அடுத்தது கரையோர வலயம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை அந்த வலயம். அதற்குள் கட்ட கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். 2025 நவம்பரில் திருகோணமலை நகரக் கடற்கரையில் விகாரை வளவொன்றில் எழுந்த கட்டுமானம் இந்தச் சட்டத்தை வைத்தே பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் போய், நாடு முழுவதும் பேசப்பட்டது. அங்கே வைக்கப்பட்டு அகற்றப்பட்ட புத்தர் சிலை மறுநாளே திரும்ப வைக்கப்பட்டதே, சட்டம் எல்லோருக்கும் ஒன்றா என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றாக இருக்கவேண்டும் என்பதுதான் 12ஆவது உறுப்புரை. நடைமுறையில் அப்படி இல்லை என்பதற்காக நீங்களும் அனுமதி இல்லாமல் கட்டினால், சமத்துவம் கேட்கும் தகுதியை முதலில் இழப்பவர்கள் நீங்கள்தான். ஆள்பலம் இல்லாதவர்களுக்கு ஆவணபலம் ஒன்றுதான் துணை.

வீட்டு பிளான் யோசனையை இதே காரணத்துக்காக நிராகரிக்கிறேன். நகர அபிவிருத்தி அதிகார சபை பிரகடனப்படுத்திய பகுதி என்றால் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டப்படி அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் வேண்டும். மற்ற இடங்களில் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டப்படி உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி. எந்தப் பாவனைக்கு அனுமதி தரப்பட்டதோ அதற்கே கட்டடம் பயன்பட வேண்டும். இணக்கச் சான்றிதழும் அதற்கே. வீடென்று சொல்லிக் கட்டியதில் ஞாயிறுதோறும் நூறு பேர் கூடினால், முறைப்பாடு செய்பவருக்கு மதம் ஒரு பொருட்டே அல்ல. அனுமதிக்கு மாறான பாவனை என்ற ஒரே வரி போதும். அதைவிடக் கெட்டது, பொய்யோடு தொடங்கிய விண்ணப்பதாரர் என்ற பெயர் எழுத்தாணை கேட்டுப் போகும் நீதிமன்றம் வரை கூட வருவது. வழிபாட்டு மண்டபம் என்றே விண்ணப்பியுங்கள். வாகனத் தரிப்பிடம், அவசர வாயில், மலசலகூடம், வீதி எல்லை எல்லாவற்றையும் பிளானில் காட்டுங்கள்.

அந்த அமைச்சுக் கடிதத்துக்கு இப்போது வருவோம். அலுவலகத்தில் சொன்னதன் பின்னால் பெரும்பாலும் இருப்பது, மத அலுவல்கள் அமைச்சு 2008 ஒக்டோபர் 16ஆம் திகதி வெளியிட்ட சுற்றறிக்கை. புதிய வழிபாட்டிடம் அமைக்க அமைச்சின் முன் அனுமதி வேண்டும் என்பது அதன் சாரம். என் கருத்து தெளிவானது: 14(1)(உ) உரிமையை மட்டுப்படுத்துவதானால் அது சட்டத்தால் விதிக்கப்பட வேண்டும் என்கிறது 15(7). சட்டம் என்றால் எது என்பதை 170ஆவது உறுப்புரை வரையறுக்கிறது; அமைச்சுச் சுற்றறிக்கை அந்த வரையறைக்குள் வராது. ஆனால் இதை மட்டும் நம்பிக் கட்டத் தொடங்காதீர்கள். பல மத மக்கள் நெருங்கி வாழும் மாவட்டத்தில் பொது அமைதிக்காக இப்படியொரு கண்காணிப்பு நியாயம்தான் என்று எதிர்த்தரப்பு வாதிடும். அந்த வாதம் நீதிபதி முன் எடுபடவே எடுபடாது என்று எந்தச் சட்டத்தரணியும் உறுதி தரமுடியாது. ஆகவே விண்ணப்பத்தைப் பாரம் கொடுங்கள். கடிதம் வேண்டும் என்றால் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் என்பதை எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். அமைச்சுக்கும் ஒரு விண்ணப்பம் போடலாம். அது சட்ட உரிமைகளுக்குப் பங்கமின்றிச் செய்யப்படுவது என்று அதில் எழுதிவிடுங்கள்.

அயலவர்களின் ஆட்சேபத்தையெல்லாம் மதவெறி என்று தள்ளிவிடாதீர்கள். ஒலிபெருக்கி, தெருவில் நிறுத்தும் வாகனம், இரவுக் கூட்டம் பற்றிய முறைப்பாடு நியாயமானது. 2007இல் ஆஷிக் எதிர் பண்டுல வழக்கில், வெலிகமப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி தொடர்பாக உயர் நீதிமன்றம் விதித்த கட்டுப்பாடுகள் எந்த மதத்துக்கும் பொருந்தும். ஒலியடக்கச் சுவர்களையும் கூட்ட நேரங்களையும் விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டால் அந்த ஆட்சேபத்தில் பாதி கரைந்துவிடும். உங்கள் மதம் இங்கே வேண்டாம் என்பது மட்டுமே ஆட்சேபமாக எஞ்சினால், அதை வைத்து அனுமதியை மறுப்பது 12(2) தடைசெய்யும் பாரபட்சம்.

அப்படி மறுத்தால் காலத்தைக் கடத்தாதீர்கள். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நிலுவையில் உள்ள காலம் 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி கணக்கில் வராது. உள்ளூராட்சி மன்றத்தின் தீர்மானத்துக்கு எதிராக மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை கோரும் வழியும் உண்டு. இப்போதைக்குப் பெர்மிட் காணிக்காரருக்கு நன்றி சொல்லி விலகுங்கள். வாடகை வீட்டுக்காரரிடம் எழுத்தில் ஒரு வருட அவகாசம் கேளுங்கள். கடற்கரைக் காணிக்குப் பதிவகத் தேடலும் அளவைப் படமும் கரையோரத் திணைக்களத்தின் எழுத்துப் பதிலும் கைக்கு வரும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள். மூன்றும் சரியென்றால், காணியைச் சபைக்கான நம்பிக்கைப் பொறுப்பில் பொறுப்பாளர்களின் பெயருக்கே நேரடியாக எழுதுங்கள். போதகர் பெயருக்கு வாங்கிப் பிறகு மாற்றலாம் என்று விட்டால் முத்திரைத் தீர்வையும் இரண்டு தடவை, ஆபத்தும் இரண்டு தடவை.