கூட ஓடினால் கூடப் பலம் வருமா?

தை பிறந்ததும் வன்னிப் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான ஆயத்தம் தொடங்கிவிடும். மரதன் ஓடப்போகும் பிள்ளைக்கு எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இன்னும் கூட ஓடு, நோகாமல் வெல்ல ஏலாது." இதில் பாதி உண்மை, அதனால்தான் ஆபத்தும். சுமை இல்லாமல் உடல் பலம் பெறாது. ஆனால் ஓடும் நேரத்தில் உடல் தேய்கிறது. பிறகு கிடைக்கும் உறக்கத்திலும் உணவிலும்தான் முன்னைவிட உறுதியாகக் கட்டப்படுகிறது. உறுப்புக்கு உறுப்பு அந்த வேகமும் வேறு. இதயமும் தசையும் சில கிழமைகளில் பழகிவிடும். எலும்போ புதிய சுமையைக் கண்டதும் முதலில் பழைய திசுவை அரித்து அகற்றும். அந்த இடத்தை நிரப்பிக் கெட்டியாக்க ஏறக்குறைய மூன்று மாதம் எடுக்கும். ஆகவே நாலாம் கிழமையளவில், மூச்சு வாங்குவது குறைந்து "இப்ப நல்லா ஓடுறான்" என்று ஆசிரியர் மகிழும் நேரத்தில், அவனுடைய கணைக்கால் எலும்பு நலிந்த நிலையில் இருக்கக்கூடும். எங்கள் பருவகாலம் இதை இன்னும் மோசமாக்குகிறது. கார்த்திகை, மார்கழி மழையில் மைதானங்களில் வெள்ளம் நிற்கும், பிறகு விடுமுறை வரும். மூன்று மாதம் ஓடாத கால்கள் மூன்று கிழமையில் எல்லாவற்றையும் ஓடித் தீர்க்க வேண்டியிருக்கிறது.

"கென்யாக்காரர் கிழமைக்கு 200 கிலோமீற்றர் ஓடுகிறார்களே?" என்று கேட்பார்கள். ஓடுகிறார்கள்தான். எலியுட் கிப்சோகே போன்றவர்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்த அடித்தளத்தின் மேல் நின்று அந்தத் தூரத்தை ஓடுகிறார்கள். உலகத்தரத் தூர ஓட்டக்காரரின் பயிற்சியை ஆராய்ந்தவர்கள் கண்டது, அதில் ஏறக்குறைய 80 சதவீதம் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான ஓட்டம் என்பதைத்தான். எங்கள் பிள்ளை நாள்தோறும் போட்டி வேகத்தில் ஓடுகிறது. கிழமைக்குப் பத்து வீதத்துக்கு மேல் கூட்டாவிட்டால் காயமில்லை என்ற பயிற்றுவிப்பாளர் விதியையும் அப்படியே நம்ப முடியாது. 2008 இல் நெதர்லாந்தில் 532 புதிய ஓட்டக்காரரிடம் அதைச் சோதித்தபோது, விதிப்படி மெல்லக் கூட்டியவர்களிலும் மற்றவர்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில், ஐந்தில் ஒருவர் காயப்பட்டார். 2025 இல் வெளியான, 5,200 இற்கு மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது: முந்தைய 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிடப் பத்து வீதத்துக்கு மேல் ஒரே நாளில் தாண்டி ஓடுவதுதான் காயத்தை வரவழைக்கிறது. கிழமைக் கணக்கு ஒழுங்காக இருந்தாலும் அந்த ஒரு நாள் போதும்.

உச்சத்தில் இருப்பவர்களையும் மிகைப்பயிற்சி விடவில்லை. நியூயோர்க் மரதனை 1980 முதல் 1982 வரை தொடர்ந்து மூன்று முறை வென்ற அல்பேர்ட்டோ சலசார், 1982 பொஸ்டன் மரதனில் வெயிலில் வென்று முடிவிடத்தில் சரிந்தார். 1984 ஒலிம்பிக்கில் 15 ஆவதாகத்தான் வர முடிந்தது. பின்னர் அவரே பயிற்றுவிப்பாளரானார். அவரது குழுவில் இருந்த மேரி கேன், 17 வயதிலேயே உலகப் போட்டியின் 1500 மீற்றர் இறுதிச் சுற்றில் ஓடியவர். எடையைக் குறைக்கும்படி நெருக்கப்பட்டதாகவும், மூன்று ஆண்டுகள் மாதவிடாய் நின்றதாகவும், ஐந்து எலும்புகள் முறிந்ததாகவும் 2019 இல் அவர் வெளிப்படையாகச் சொன்னார். தவறாக நடத்தவில்லை என்று சலசார் மறுத்தார். ஆனால் ஓட்டத்துக்கு ஏற்ற உணவு இல்லாதபோது ஹோர்மோன் குன்றி எலும்பு வலுவிழக்கும் என்பதைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 இலேயே மருத்துவ அறிக்கையாகச் சொல்லியிருந்தது. காலைச் சாப்பாடு இல்லாமல் மைதானத்துக்கு வரும் பிள்ளைகள் இருக்கும் எங்கள் இடங்களில் இது மிகவும் கவனிக்க வேண்டிய விடயம். ஓடும் பெண் பிள்ளைக்கு மாதவிடாய் நின்றுபோனால் அது கடும் பயிற்சியின் சாதாரண விளைவல்ல, எச்சரிக்கை. அதைக் கூச்சமின்றிச் சொல்ல ஒரு ஆசிரியையாவது அவள் அருகில் இருக்க வேண்டும்.

கணைக்காலில் ஒரே இடத்தில் விரலால் அழுத்தினால் நோகிறதென்றால் எண்ணெய் போட்டு உருவுவதால் பயனில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று ஓடவிடுவதும் தவறு. திரும்பத் திரும்ப வரும் சுமையால் எலும்பில் விழும் அழுத்த வெடிப்பு முதல் சில கிழமைகளில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும் என்று பெற்றோர் பிள்ளையை மறித்தால் அது மறுபக்கத்து மூடநம்பிக்கை. 2017 இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அளவோடு ஓடுபவர்களில் 3.5 வீதமானோருக்கே இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்வு இருந்தது. ஓடாமல் இருந்தவர்களில் அது 10.2 வீதம். போட்டிக்காகக் கடுமையாக ஓடியவர்களிலோ 13.3 வீதம். முல்லைத்தீவின் அகிலத்திருநாயகி 2023 இல் தன் 72 ஆவது வயதில் பிலிப்பைன்ஸ் சென்று மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றதை நாங்கள் எல்லோரும் கொண்டாடினோம்.

"ஓய்வு கொடுத்தால் வலய மட்டப் போட்டி தவறிவிடுமே" என்பது நியாயமான கவலை. ஆனால் களைப்பின் தொடக்கத்தில் நிறுத்தினால் சில நாளில் மீளலாம்; உண்மையான மிகைப்பயிற்சி நோய் வந்துவிட்டால் மாதக்கணக்கில் செல்லும், அதைக் கண்டுபிடிக்க ஒரு தனி இரத்தப் பரிசோதனையும் கிடையாது. இதைத் தவிர்க்கப் பணமோ செயற்கைத் தடமோ தேவையில்லை. மழை விட்ட நேரங்களில் கிரவல் ஒழுங்கையில் இருபது நிமிட மெதுவோட்டத்தைக் கார்த்திகையிலேயே தொடங்கலாம். ஒவ்வொரு பிள்ளையும் கடந்த மாதத்தில் ஓடிய மிக நீண்ட தூரத்தை உடற்கல்வி ஆசிரியர் ஒரு கொப்பியில் எழுதி வைத்து, மரதன் தூரத்தை அதைப் பார்த்தே தீர்மானிக்கலாம்.