விழுதலும் மோதல் விசையும்

கட்டடச் சாரத்திலிருந்து தவறி 5 மீட்டர் விழுபவர் வினாடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர் வேகத்தில் தரையை அடைகிறார். அவ்வேகம் எவ்வளவு தூரத்தில் அழிகிறது என்பதைப் பொறுத்தே காயத்தின் கடுமை பெரிதும் அமைகிறது.

விழுந்த உயரத்தை, உடல் மோதியபின் நிற்பதற்குக் கொள்ளும் தூரத்தால் வகுத்து 1-ஐக் கூட்டுக. சராசரி மோதல் விசை உடல் எடையைப்போல் எத்தனை மடங்கென்பது இதனாற் பெறப்படும். கற்காரைத் தளத்தில் அத்தூரம் 5 சென்டிமீட்டர் எனக் கொள்வோமாயின் விசை 101 மடங்கு. 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு இது 6 டன்னுக்கு மேற்பட்ட சுமைக்கு ஒப்பாகும். அவ்வாறே விழுந்தவரை 1 மீட்டர் தொய்ந்து தாங்கும் வலையிலோ 6 மடங்கே. உச்ச விசை சராசரியினும் மிகுதி என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களை ஆராய்ந்து 1942-இல் ஹ்யூ டி ஹேவன் வெளியிட்ட கட்டுரையும் இதனையே வலியுறுத்தியது. ஆதலின், வலையின்கீழ் அது தொய்வதற்குரிய இடம் வெறுமையாக இருத்தல் இன்றியமையாதது.