காரில் சரக்கு ஏற்றும் முறை: மளிகை வணிகர்களுக்கு ஒரு பாடம்



எங்கள் மண்டிக்குச் சரக்கெடுக்க வரும் சில்லறை வணிகர்கள் ஒரு காலத்தில் மாட்டுவண்டியோடு வந்தார்கள். பிறகு ட்ரை சைக்கிள் வந்தது. இன்று பலர் சொந்தக் காரிலேயே வருகிறார்கள். வண்டி வாடகை மிச்சம், நேரமும் மிச்சம். இதைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் லாரியில் பாரம் ஏற்றுவதற்கு ஒரு முறை இருப்பதுபோல் காரில் ஏற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. அது நம்மில் பலருக்குத் தெரியாது. எங்களுக்கும் ஒரு நாள் வரை தெரியாமல்தான் இருந்தது.

2009ஆம் ஆண்டு, தீபாவளிக்கு முந்திய வாரம். எங்கள் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் தம் ஒன்பது வயது மகனையும் அழைத்துக்கொண்டு காரில் வந்தார். டிக்கியில் அரிசிச் சிப்பங்களும் சர்க்கரை மூட்டையும் ஏற்றியாகிவிட்டது. "அண்ணாச்சி, மேலே இடம் கிடக்குதே, எண்ணெய் டின் நாலையும் அதுலயே போட்டு விடுங்க" என்றார். எங்கள் ஆட்களும் மூட்டைகளுக்கு மேல், பின்கண்ணாடி மறையும் உயரத்துக்கு டின்களை அடுக்கினார்கள். பையன் பின்சீட்டில் உட்கார்ந்தான்.

ஊர் எல்லை தாண்டவில்லை. முன்னே சென்ற லாரி சட்டென்று நின்றது. இவர் பிரேக் போட்டும் கார் லாரியின் பின்புறத்தில் மோதியது. வேகம் நாற்பதுக்கு மேல் இருக்காது என்றார். முன்சீட்டில் இருந்த அவருக்குக் காயமில்லை. ஆனால் மேலே இருந்த டின் ஒன்று பின்சீட்டின் முதுகைத் தாண்டி வந்து பையனின் தோளில் விழுந்தது. காறை எலும்பு முறிந்தது. நான்கு விரற்கடை தள்ளி விழுந்திருந்தால் தலை. பையன் குணமாகி, இன்று வாலிபனாக அதே கடையில் நிற்கிறான். ஆனால் அந்த டின்னை அங்கே வைத்தவர்கள் எங்கள் ஆட்கள். "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை நாங்கள் சொல்லவில்லை. அந்த உறுத்தலே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

ஒரு டின் எப்படி ஆளைக் கொல்லும்?

வண்டி நின்றாலும் உள்ளிருக்கும் சரக்கு நிற்பதில்லை. வண்டி எந்த வேகத்தில் போனதோ அதே வேகத்தில் அது முன்னால் பாய்கிறது. இதைப் புரிந்துகொள்ள எளிய கணக்கு ஒன்று உண்டு. மணிக்கு 40 கி.மீ. வேகம் என்பது, சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது உள்ள வேகம். 50 கி.மீ. என்றால் சுமார் 10 மீட்டர் உயரம், அதாவது மூன்று மாடி. 80 கி.மீ. என்றால் 25 மீட்டர். எண்ணெய் நிறைந்த டின் ஒன்று மூன்றாம் மாடியிலிருந்து தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

மோதல் வேண்டாம், அழுத்தி பிரேக் போட்டாலே போதும். லாரிச் சரக்கைக் கட்டுவதற்கு ஐரோப்பாவில் வகுத்துள்ள தரக்கணக்கு, பொருளின் எடையில் 0.8 மடங்கு விசை முன்புறம் தள்ளும் என்றும், பக்கவாட்டிலும் பின்புறமும் 0.5 மடங்கு தள்ளும் என்றும் எடுத்துக்கொள்கிறது. 50 கிலோ மூட்டையை 40 கிலோ விசை முன்னால் தள்ளுகிறது என்று பொருள். சணல் சாக்கு ஓரளவு தரையைப் பிடித்துக்கொள்ளும். தகர டின்னும் பிளாஸ்டிக் பையும் வழுக்கிக்கொண்டு வரும்.

இடத்தைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள்

"இடம் இருக்கிறது, ஏற்று" என்பதே நாம் செய்யும் முதல் தவறு. பொரி மூட்டையும் உப்பு மூட்டையும் ஒன்றல்ல. 250 லிட்டர் கொள்ளும் டிக்கியைப் பொரியால் நிரப்பினால் வண்டிக்குத் தெரியாது. அதையே உப்பால் நிரப்பினால் சுமார் 300 கிலோ ஆகிவிடும்.

வண்டியோடு கொடுத்த கைப்புத்தகத்தில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று வெறும் வண்டியின் எடை, மற்றது பாரத்தோடு கூடிய மொத்த எடையின் உச்ச அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே வண்டி தாங்கும் சுமை. அந்தச் சுமையில் ஆட்களும் அடக்கம் என்பதை மறக்கக்கூடாது.

ஒரு காருக்கு அந்த வித்தியாசம் 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

ஓட்டுபவர் 70 கிலோ, உதவிக்கு ஓர் ஆள் 65 கிலோ: மொத்தம் 135.
மீதி 265 கிலோ.
25 கிலோ அரிசிச் சிப்பம் ஆறு: 150.
15 லிட்டர் எண்ணெய் டின் நான்கு, தகரத்தோடு சேர்த்து: சுமார் 58.
சர்க்கரை மூட்டை ஒன்று: 50.
ஆக 258 கிலோ. கணக்கு முடிந்தது.

வண்டிக்குள் இன்னும் இடம் இருக்கும். ஆனால் ஏற்ற முடியாது. மேலும் இரண்டு பேர் ஏறினால் அந்த அளவுக்குச் சரக்கை இறக்கியாக வேண்டும். வெளியே பொருத்திய சி.என்.ஜி. உருளை இருந்தால் அதன் எடையையும் கழிக்க வேண்டும். அந்த உருளையின் மீதோ வால்வின் மீதோ எதையும் சாய்க்கக்கூடாது.

அடுக்கும் முறை

1. கனமான சரக்கு முதலில், கீழே. டிக்கியில் ஏற்றினால் பின்சீட்டின் முதுகை ஒட்டி, தரையோடு தரையாக அடுக்க வேண்டும். கதவோரமாக வைத்தால் பின்சக்கரத்துக்கு அப்பால் பாரம் தொங்கும். பின்னால் தாழ்ந்தால் முன்னால் எழும்பும், துலாக்கோல் போல. முன்சக்கரம் லேசானால் ஸ்டீயரிங் பிடிப்புக் குறையும்.

2. இடது வலது சமமாக இருக்கட்டும். ஒரு பக்கம் உப்பும் மறுபக்கம் அப்பளமும் வைத்தால் வளைவில் வண்டி சாயும்.

3. பின்சீட்டின் முதுகு உயரத்துக்கு மேல் எதையும் அடுக்க வேண்டாம். பின்கண்ணாடியை ஒட்டிய பலகையில் ஒரு பாட்டில் கூட வைக்கக்கூடாது.

4. பின்சீட்டை மடக்கிச் சரக்கு ஏற்றினால், அந்தச் சரக்குக்குப் பக்கத்தில் ஆள் உட்காரக் கூடாது. குழந்தைகளை மூட்டை மீது உட்கார வைப்பது கூடவே கூடாது.

5. சீட்டை மடக்காமல் டிக்கியில் மட்டும் ஏற்றும்போது, பின்சீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் அங்குள்ள பெல்ட்டுகளை மாட்டிவிடுங்கள். சீட்டின் முதுகு தள்ளிக்கொண்டு வராமல் அவை தாங்கிப் பிடிக்கும்.

6. எண்ணெய் டின்கள் ஒரே வரிசையாக, நின்ற வாக்கில் இருக்கட்டும். இடைவெளியில் வெற்றுச் சாக்கை மடித்துச் செருகினால் ஆடாது. டிக்கித் தரையில் கொக்கிகள் இருந்தால் கயிறு போட்டு இறுக்குங்கள். கயிற்றைக் கதவிலோ சீட்டின் தலைச்சாய்விலோ கட்டுவது கட்டாகாது.

7. ஓட்டுபவரின் காலடியிலும், அவர் சீட்டுக்குப் பின்னாலும் கீழும் உருளக்கூடிய பொருள் எதுவும் வேண்டாம். ஒரு தேங்காயோ, குளிர்பான பாட்டிலோ உருண்டு போய் பிரேக் மிதிக்குக் கீழே சிக்கினால் மிதி இறங்காது. அந்த நேரத்தில் குனிந்து எடுக்கவும் முடியாது.

8. மேல்கூரையில் கேரியர் வைத்திருப்போர் அதன் அளவைக் கைப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளவும். அங்கே லேசான சரக்கு மட்டுமே. கனத்தை உயரத்தில் வைத்தால் வண்டி கவிழ்வதற்கு நாமே வழி செய்கிறோம்.

கிளம்பும் முன்

பாரம் ஏற்றும் நாளில் டயருக்குக் காற்று கூடுதலாக வேண்டும். எவ்வளவு என்பது பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவோரச் சீட்டிலேயே அச்சிட்டிருக்கும். டயர் சூடேறுவதற்கு முன் பார்க்க வேண்டும். பின்னால் தாழ்ந்தால் விளக்கு வெளிச்சம் மேலே எழும்பி எதிரே வருபவர் கண்ணைக் கூசும். விளக்கை இறக்கும் திருகு உள்ள வண்டிகளில் அதைத் திருப்பிக்கொள்ளுங்கள். பாரவண்டி நிற்பதற்கு அதிகத் தூரம் எடுக்கும். முன்வண்டிக்கும் நமக்கும் வழக்கத்தைவிட இரட்டிப்பு இடைவெளி விடுவது நல்லது. மலைப்பாதையில் இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிக் கைவிடும்.

எதோடு எதைச் சேர்க்கக்கூடாது?

லாரியில் காற்றோட்டம் உண்டு. கார் ஒரு மூடிய பெட்டி. தேயிலை, மாவு, சர்க்கரை, நெய் ஆகியவை மணத்தை இழுத்துக்கொள்ளும். இவற்றோடு ஊதுவத்தி, கற்பூரம், நாப்தலீன் உருண்டை, பினாயில், சோப்பு இவற்றை ஒரே டிக்கியில் ஏற்றினால் வாடிக்கையாளர் காபியில் கற்பூரம் மணக்கும். திரும்பி வரும் சரக்கின் நஷ்டம் நம்முடையது.

மணம் போனால் நஷ்டத்தோடு போகும். விஷம் கலந்தால்? 1958ஆம் ஆண்டு கேரளத்தில் நடந்ததை வணிகர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். கோதுமை மாவு வந்த கப்பலில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்தும் வந்தது. மருந்து கசிந்து மாவில் ஊறியது. அந்த மாவில் செய்ததைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விற்றவர்களுக்கு அதில் விஷம் இருப்பது தெரியாது. இதன் பின்விளைவாகவே 1968ஆம் ஆண்டில் பூச்சிமருந்துச் சட்டம் வந்தது. உணவுப் பொருளைத் தொடும்படி பூச்சிமருந்தை ஏற்றவோ வைக்கவோ கூடாது என்று 1971ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. கிராமப்புறங்களில் மளிகையும் உரம், மருந்தும் சேர்த்து விற்கும் கடைகள் இன்றும் உள்ளன. அவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே: மருந்துக்குத் தனி நடை போங்கள். மருந்து கசிந்த வண்டியில் பிறகு அரிசி ஏற்றாதீர்கள்.

வெயிலும் வண்டியும்

சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சூடு 60 டிகிரி செல்சியசைத் தாண்டலாம். வாசனைத் தெளிப்பான், கொசு மருந்துத் தெளிப்பான் டப்பாக்களில் 50 டிகிரிக்கு மேல் சூடேறக் கூடாது என்று அச்சிட்டிருப்பார்கள். அவை வெடிக்கும். லைட்டர்களும் அப்படியே. வனஸ்பதி உருகி வழியும், வெல்லம் இளகும், சாக்லேட்டைச் சொல்லவே வேண்டாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் டிக்கித் தரையில் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். சிறு உருளையானாலும் மூடிய காரில் விட்டுச் செல்லாதீர்கள். பட்டாசைக் காரில் ஏற்றவே வேண்டாம்.

காரைக் கிட்டங்கியாக ஆக்குவதும் தவறு. இரவு இறக்கச் சோம்பல்பட்டு மூட்டையை உள்ளேயே விட்டால் எலி வரும். மூட்டையோடு வயரையும் கடிக்கும். உப்பு சிந்தினால் தகரம் துருப்பிடிக்கும். கீழே ஒரு தார்பாய் விரித்து ஏற்றுங்கள், அன்றே இறக்கித் துடைத்துவிடுங்கள்.

சட்டமும் இன்சூரன்சும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, சரக்குக்காகச் செய்யப்படாத வண்டியானாலும் சரக்கு ஏற்றப் பயன்படுத்தும்போது அது சரக்கு வாகனமே. தனியார் கார் பாலிசியை எடுத்துப் படியுங்கள். மாதிரிச் சரக்கும் சொந்தச் சாமானும் தவிர, மற்றச் சரக்கு ஏற்றும் உபயோகத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்று அதில் இருக்கும். எங்கள் வாடிக்கையாளருக்கும் இதுவே நடந்தது. வண்டிச் சேதத்துக்கு அவர் கேட்ட தொகையை இந்த வரியைக் காட்டி மறுத்துவிட்டார்கள். பில்லும், தேவையான மதிப்புக்கு இ-வே பில்லும் வண்டியில் இருக்க வேண்டும். சொந்த வண்டி என்பதால் அதற்கு விலக்கில்லை.

ஆகவே வாரம் தவறாமல் சரக்கெடுப்பவர்கள் லோடு ஆட்டோவோ, 2005இல் வந்து நாம் குட்டி யானை என்று அழைக்கும் சிறு சரக்கு வண்டியோ பிடிப்பதே மேல். தனியாகக் கட்டுப்படியாகாவிட்டால் ஒரே தெருவில் உள்ள நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு வண்டி பேசலாம். பங்கு வாடகை பெரிதாக வராது.

மொத்த வணிகர்களுக்கு ஒரு சொல்

வண்டியில் ஏற்றி விடுவது நம் ஆட்கள். அடுக்கும் முறையை அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நம் கடமை. 2009க்குப் பிறகு எங்கள் மண்டியில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். காரில் குழந்தை இருந்தால் சீட்டு முதுகுக்கு மேல் ஒரு பொட்டலம் கூட ஏற்றுவதில்லை. மிஞ்சிய சரக்கை மறுநாள் எங்கள் செலவில் அனுப்பிவிடுகிறோம். முதலில் சிலர் கோபித்துக்கொண்டார்கள். ஒருவர் வேறு மண்டிக்குப் போனார், பிறகு திரும்பி வந்தார். போகாமலே இருந்திருந்தாலும் வழக்கத்தை மாற்றியிருக்க மாட்டோம்.

சரக்கு போனால் வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு நாம் போனால் என்ன செய்வார்கள்? எடை பார்த்து ஏற்றுங்கள், தாழ்வாக அடுக்குங்கள், இறுக்கிக் கட்டுங்கள், நிதானமாக ஓட்டுங்கள். சரக்கோடு நீங்களும் சுகமாகக் கடை போய்ச் சேருங்கள்.