சர்க்கரை நோய் இருந்தால் தட்டில் எவ்வளவு சோறு?



"எனக்கு சர்க்கரை இருக்கு. சோத்த விட்டுட்டேன், மூணு வேளையும் களிதான்" என்று நம் குழுக்களில் பலர் சொல்வதுண்டு. இது போதுமா?

அரிசி, கேழ்வரகு, கோதுமை எதிலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 65 முதல் 78 கிராம் வரை மாவுச்சத்துதான். அது செரித்து ரத்தத்தில் சர்க்கரையாகிறது. கேழ்வரகில் நார்ச்சத்து அதிகம், நல்லதுதான். ஆனால் அளவு மீறினால் களியும் சர்க்கரையை ஏற்றும்.

என்ன செய்யலாம்?

1. தட்டில் பாதி காய், கீரை. கால் பாகம் சோறு அல்லது களி அல்லது சப்பாத்தி. மீதி கால் பாகம் பருப்பு, சுண்டல், முட்டை, மீன்.

2. உருளைக்கிழங்கும் மரவள்ளியும் காய்க் கணக்கில் சேராது. சோற்றுக் கணக்கில் சேருங்கள்.

3. எல்லாருக்கும் போட்டுவிட்டு கடைசியில்தான் நாம் உட்காருகிறோம். அப்போது காய் தீர்ந்து, சோறும் ரசமும்தான் மிச்சம். அதனால் சமைத்ததுமே உங்கள் பங்கு காயைத் தனியாக எடுத்து வையுங்கள்.

4. மாத்திரை போட்டுவிட்டு சாப்பிடாமல் வேலைக்குப் போகாதீர்கள். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் குடித்து, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்: நேற்று ராத்திரி நம்ம தட்டில் காய் எவ்வளவு இருந்தது?